கிட்டப் போனாலே அலறும் அலாரம்: லெனினுக்கே டெமோ காட்டிய லியோன் தெரமின் யார்?

இரவு 8 மணி. நாலு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பீரோ, சின்னதாக ஒரு பணப்பெட்டி, அவ்வளவுதான் ஆபீஸ். கடைசியாகக் கிளம்புபவர் கதவோரம் இருக்கும் கீபேடில் நாலு நம்பரைத் தட்டுகிறார். பீப் சத்தம் முடிவதற்குள் வெளியே வந்து பூட்ட வேண்டும். அதுக்கப்புறம் உள்ளே யார் நடந்தாலும், சுவர் மூலையில் உள்ள வெள்ளை நிற மோஷன் சென்சார் கண்டுபிடித்துவிடும். சைரன் அலறும். உரிமையாளரின் போனுக்குத் தகவல் போகும்.

இன்றைக்கு இது சர்வசாதாரணம். ஆனால் ஒரு ஆளைத் தொடாமலே, அவர் பக்கத்தில் வந்திருக்கிறார் என்று ஒரு கருவிக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்விக்கு 100 வருஷத்துக்கு முன்பே பதில் கண்டுபிடித்து, அதை வேலை செய்யும் திருட்டு அலாரமாகவும் மாற்றிக் காட்டியவர் ஒரு ரஷ்ய இயற்பியலாளர். பெயர் லெவ் செர்கேயெவிச் தெர்மென். மேற்கு நாடுகளில் லியோன் தெரமின். உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது ஒரு இசைக்கருவிக்காக. அலாரம் பக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தப் பக்கத்தில்தான் அவருடைய வாழ்க்கையின் பாதி இருக்கிறது.

அதற்கு முன்னால் அலாரம் எப்படி இருந்தது?

மின்சாரத் திருட்டு அலாரம் 19-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் 1853-ல் காப்புரிமை வாங்கினார். எட்வின் ஹோம்ஸ் அந்த உரிமையை விலைக்கு வாங்கித் தொழிலாக வளர்த்தார். கதவு, ஜன்னல்களில் மின் தொடர்பு வைத்திருப்பார்கள். கதவு திறந்தால் மணி அடிக்கும்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. இந்த அலாரம் காவல் காத்தது கதவையும் ஜன்னலையும்தான், அறையை இல்லை. கூரையைப் பிரித்து இறங்குபவனையோ, பகலிலேயே உள்ளே வந்து ஒளிந்துகொண்டவனையோ அதற்குத் தெரியாது. ஆளையே உணரும் கருவி வேண்டும் என்றால், வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருந்தது. தெரமின் யோசித்தது அப்படித்தான். ஆனால் அவர் அலாரம் செய்ய உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்கவில்லை.

வாயுவை அளக்கப் போய்...

தெரமின் பிறந்தது 1896 ஆகஸ்ட் மாதம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். வசதியான குடும்பம். பிரெஞ்சுப் பூர்வீகம். ஒரு பக்கம் இயற்பியலும் வானியலும் படித்தார், இன்னொரு பக்கம் செல்லோ வாசிக்கக் கற்றார். முதல் உலகப் போர் வந்தபோது ராணுவத்தில் ரேடியோ வேலைக்குப் போனார். புரட்சிக்குப் பிறகு அப்ராம் யோஃபே என்ற பெரிய இயற்பியலாளர் அவரைத் தன் ஆய்வு நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார்.

அங்கே கொடுத்த வேலை ரொம்ப வறட்சியானது. வெப்பமும் அழுத்தமும் மாறும்போது வாயுக்களின் மின் பண்பு எப்படி மாறுகிறது என்று அளக்க வேண்டும். மிக நுட்பமான மாற்றங்கள் என்பதால், அவற்றைக் காதால் கேட்கும்படி ஒரு கருவியை அமைத்தார். இரண்டு ரேடியோ மின்சுற்றுகள். ஒன்றின் அதிர்வெண் நிலையானது, இன்னொன்று மாறக்கூடியது. இரண்டுமே மனிதக் காதுக்குக் கேட்காத அளவு வேகமாக அதிர்பவை. ஆனால் இரண்டையும் கலந்தால், அவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம் மட்டும் ஒரு ரீங்காரமாகக் கேட்கும்.

அப்போதுதான் ஒரு தொல்லையைக் கவனித்தார். கையைக் கருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சத்தம் மாறுகிறது. விலக்கினால் திரும்ப மாறுகிறது.

காரணம் எளிது. மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும். கருவியின் ஆன்டெனாவும் கையும் சேர்ந்து ஒரு மின்தேக்கி போல ஆகிவிடுகின்றன. கை நெருங்க நெருங்க மின்தேக்குத் திறன் கூடுகிறது, அதிர்வெண் இறங்குகிறது. அளவீடு செய்பவருக்கு இது தலைவலி. வேறொருவராக இருந்தால் கருவியைத் தகரப் பெட்டிக்குள் அடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். தெரமின் செல்லோ வாசிப்பவர். காற்றில் கையை அசைத்து அந்த ரீங்காரத்தில் ஒரு மெட்டை வாசித்துப் பார்த்தார். 1920-ல் தெரமின் என்ற வாத்தியம் பிறந்தது இப்படித்தான். கையால் தொடாமலே வாசிக்கப்படும் பிரபலமான இசைக்கருவி அது.

அதே காலத்தில், அதே தத்துவத்தில் இன்னொன்றும் செய்தார். சத்தத்துக்குப் பதிலாக ஒரு மணியை இணைத்தார். ஆள் நெருங்கினால் மின்தேக்குத் திறன் மாறும், மணி அடிக்கும். ரேடியோ காவலாளி என்று அதை அழைத்தார்கள்.

கிரெம்ளினில் நடந்த சோதனை

1922 மார்ச். தெரமின் கிரெம்ளினுக்கு அழைக்கப்பட்டார். பார்வையாளர், சோவியத் அரசின் தலைவர் லெனின். நாட்டுக்கே மின்சாரம் கொண்டுவர வேண்டும் என்ற திட்டத்தில் முழு மூச்சாக இருந்தவர் அவர். மின்சாரத்தில் இசை வருகிறது என்றால் சும்மா விடுவாரா? தெரமின் முதலில் வாசித்துக் காட்டினார். பிறகு லெனினே முயன்றார். கிளிங்கா இசையமைத்த வானம்பாடிப் பாட்டை தெரமின் கைபிடித்துக் காட்ட, சற்று நேரத்தில் லெனின் தானாகவே வாசித்தாராம்.

அலாரத்தையும் அங்கே காட்டினார்கள். தெரமின் வயதான காலத்தில் சொன்ன விவரப்படி, அங்கிருந்த ராணுவத்தினரில் ஒருவருக்கு இதை ஏமாற்றிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. கம்பளித் தொப்பி போட்டு, கையையும் காலையும் ரோமக் கோட்டில் சுற்றிக்கொண்டு, தரையில் மெதுவாகத் தவழ்ந்து போனார். மணி அடித்துவிட்டது. எல்லோருக்கும் சிரிப்பு.

கேலிக்கூத்து மாதிரி தெரிந்தாலும், அந்த மனிதர் செய்தது சரியான சோதனை. மூடிக்கொண்டும் மெதுவாகவும் போனால் சென்சாரை ஏமாற்ற முடியுமா என்பதை இன்றைய அலாரத் தயாரிப்பாளர்களும் சோதிக்கிறார்கள். அதற்கான பதில், எந்த வகை சென்சார் என்பதைப் பொறுத்தது.

இன்றைய ஆபீஸ் சென்சார் அதே கருவியா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தெரமின் செய்த மின்தேக்கு வகை அலாரம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் ஒரு லாக்கரையோ பீரோவையோ தனியாகக் காக்க அந்த முறை பிற்காலத்திலும் பயன்பட்டது. ஒரு அறை முழுவதையும் கண்காணிக்க இன்று பெரும்பாலும் இருப்பது பி.ஐ.ஆர் எனப்படும் அகச்சிவப்பு சென்சார்.

பி.ஐ.ஆர் எதையும் வெளியே அனுப்பாது. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். மனித உடலிலிருந்து எப்போதும் வெப்பக் கதிர் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. சென்சாரின் முன்னால் உள்ள பிளாஸ்டிக் லென்ஸ் அறையைப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. ஆள் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குக் கடக்கும்போது உள்ளே விழும் வெப்பம் சட்டென்று மாறும். அதுதான் சமிக்ஞை. ஆள் அசையாமல் நின்றால் மாற்றம் இல்லை, அலாரமும் இல்லை.

சின்ன ஆபீஸில் இதைப் பொருத்துபவர்கள் செய்யும் தவறுகள் பலவும் இந்த ஒரு விஷயம் புரியாததால் வருபவை. சென்சாரைக் கதவுக்கு நேர் எதிரே வைப்பார்கள். நேராக அதை நோக்கி நடந்து வருபவரைவிட, குறுக்கே கடப்பவரைத்தான் அது சீக்கிரம் பிடிக்கும். அதனால் மூலைதான் சரியான இடம், தரையிலிருந்து சுமார் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வெயில் நேராக விழும் ஜன்னலைப் பார்த்தோ, ஏசி காற்று அடிக்கும் இடத்திலோ வைத்தால் பொய் அலாரம் வரும். உயரமான பீரோவை முன்னால் நகர்த்தி வைத்தால் அதன் பின்னால் உள்ள பகுதி சென்சாருக்கு இருட்டு. கண்ணாடித் தடுப்பு போட்ட கேபினுக்குள் நடப்பதும் தெரியாது, ஏன்னா அந்த வெப்பக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது. அறையின் வெப்பம் மனித உடலின் வெப்பத்தை நெருங்கும் கடும் கோடையில் இதன் கூர்மையும் குறையும்.

இன்னொரு வகை, மைக்ரோவேவ் அலையை அனுப்பித் திரும்பி வருவதைப் பார்ப்பது. நகரும் ஆள் மேல் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் லேசாக மாறியிருக்கும். இது பிளாஸ்டிக் பலகை, மெல்லிய தடுப்புச் சுவர், கண்ணாடி எல்லாவற்றையும் தாண்டும். நல்லதும் அதுதான், கெட்டதும் அதுதான். பக்கத்துக் காரிடாரில் நடப்பவருக்கும் அலறிவிடும். அதனாலதான் இரண்டு வகையையும் ஒரே பெட்டியில் வைத்து, இரண்டும் சேர்ந்து ஆமாம் என்றால் மட்டும் சைரன் அடிக்கும் சென்சார்கள் விற்கின்றன.

பொய் அலாரத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாரத்தில் மூணு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தால், நாலாவது வாரம் யாராவது அதை ஆஃப் செய்துவிடுவார்கள். திருடன் அன்றைக்கு வந்தால் போதும்.

நியூயார்க் வருடங்கள்

தெரமினிடம் திரும்புவோம். 1927-ல் சோவியத் அரசு அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஃபிராங்ஃபர்ட், பாரிஸ், லண்டன் என்று கச்சேரிகள். அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1928-ல் வாத்தியத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆர்.சி.ஏ நிறுவனம் உரிமையை வாங்கி 1929-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு பங்குச் சந்தை சரிந்தது. வாசிக்கவும் எளிதில்லை, வாங்கவும் ஆளில்லை. சுமார் 500 கருவிகளோடு உற்பத்தி நின்றது.

இசையில் பணம் நிற்கவில்லை என்றதும் சென்சார் தொழில்தான் கைகொடுத்தது. ஆள் கிட்ட வந்தால் தானாக இயங்கும் கடை ஜன்னல் விளம்பரங்கள், கைதிகளிடம் உள்ள ஆயுதத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள் என்று அவரும் கூட்டாளிகளும் முயன்றார்கள். அல்கட்ராஸ் சிறைக்கான உலோகக் கண்டுபிடிப்பான் இந்தக் காலத்தைச் சேர்ந்தது.

மனசுக்குப் பிடித்த பெண்ணிடமும் அதே வித்தைதான். கிளாரா ராக்மோர் தெரமின் வாத்தியத்தின் மிகச் சிறந்த கலைஞர். அவருடைய 18-வது பிறந்தநாளுக்கு, பக்கத்தில் போனால் ஒளிர்ந்து சுழலும் ஒரு கேக்கைச் செய்து கொடுத்தார். திருமணம் செய்துகொள்ளவும் கேட்டார். கிளாரா வேறொருவரை மணந்தார். பின்னர் தெரமின் லவீனியா வில்லியம்ஸ் என்ற கறுப்பின நடனக் கலைஞரைத் திருமணம் செய்தபோது, பணக்கார நண்பர்கள் பலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அன்றைய அமெரிக்கா அப்படி.

இன்னொரு முகமும் அவருக்கு இருந்தது. அமெரிக்காவில் இருந்த காலம் முழுக்க சோவியத் உளவுத் துறையினரைச் சந்தித்துத் தகவல் கொடுத்து வந்ததைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

காவலாளியே கைதியானார்

1938-ல் தெரமின் திடீரென்று காணாமல்போனார். கடத்திவிட்டார்கள் என்றுதான் லவீனியா நம்பினார். கடனும் வரிப் பாக்கியும் கழுத்தை நெரிக்க, தானாகவே சோவியத் கப்பல் ஏறினார் என்பது பின்னர் தெரிந்தது. கணவன் மனைவி இருவரும் அதன் பிறகு சந்திக்கவே இல்லை.

ஸ்டாலின் காலத்து ரஷ்யாவில் வெளிநாட்டில் 10 வருஷம் இருந்துவிட்டு வந்தவரை யார் நம்புவார்கள்? 1939 மார்ச்சில் கைது. 8 வருட தண்டனை. கோலிமாவில், உலகின் மிகக் குளிரான முகாம்களில் ஒன்றில், கல் சுமக்கும் வேலை. தள்ளுவண்டி சுலபமாக உருள மரத்தில் ஒரு பாதை அமைத்துத் தன் குழுவின் வேலையைப் பல மடங்கு கூட்டினார் என்று சொல்வார்கள். அங்கிருந்து அவரை எடுத்து, ஷராஷ்கா என்ற சிறை ஆய்வகத்தில் போட்டார்கள். விமான வடிவமைப்பாளர் துப்போலெவ், பின்னாளில் விண்வெளித் திட்டத்தின் தலைவரான கொரல்யோவ் போன்றவர்களும் அங்கே கைதிகள்.

1945 ஆகஸ்டில் சோவியத் பள்ளிச் சிறுவர்கள் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதருக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். அமெரிக்க அரசு முத்திரையை மரத்தில் அழகாகச் செதுக்கியிருந்தார்கள். தூதர் ஹாரிமன் அதைத் தன் வீட்டு அலுவலக அறையில் மாட்டினார். 7 வருஷம் அது அங்கேயே தொங்கியது. உள்ளே தெரமின் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி.

அதில் பேட்டரி இல்லை, வயர் இல்லை. ஒரு சிறிய உலோக அறை, மெல்லிய சவ்வு, குட்டி ஆன்டெனா, அவ்வளவுதான். வெளியே நிறுத்திய வண்டியிலிருந்தோ பக்கத்துக் கட்டடத்திலிருந்தோ ரேடியோ அலையை அனுப்பினால் மட்டும் உயிர் பெறும். அறையில் பேசும் குரலுக்குச் சவ்வு அசையும், மின்தேக்குத் திறன் மாறும், திரும்பும் அலையில் பேச்சு ஏறிவிடும். 1920-ல் கை நெருங்கியபோது நடந்த அதே மாற்றம்தான், இங்கே கைக்குப் பதில் குரல். அலை அனுப்பாத நேரத்தில் அது வெறும் உலோகத் துண்டு என்பதால் தேடியவர்களுக்கு அகப்படவே இல்லை. 1952-ல் கெனன் தூதராக இருந்தபோதுதான் கண்டுபிடித்தார்கள். 1960-ல் ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்கா அதைத் திறந்து காட்டியது.

ஆபீஸ் பாதுகாப்பைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். தூதரின் அறைக்குள் யாரும் பூட்டை உடைத்து நுழையவில்லை. கைதட்டி வரவேற்று, ஆணி அடித்து மாட்டினார்கள். மோஷன் சென்சார் காவல் காப்பது எல்லோரும் கிளம்பிய பிறகுதான். பகலில் கை குலுக்கி உள்ளே வரும் ஆளையும் பொருளையும் கவனிக்கும் வேலை அதனுடையது இல்லை. யாரோ இருக்கிறார்கள் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும், யார் என்று தெரியாது.

அந்த முத்திரை சுவரில் ஏறிய அதே 1945-ல், ஹிட்ச்காக்கின் ஸ்பெல்பவுண்ட் படம் தெரமின் வாத்திய ஒலியோடு அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடியது. இசைக்கு ஆஸ்கரும் கிடைத்தது. வாத்தியத்தைக் கண்டுபிடித்தவர் செத்துவிட்டார் என்று மேற்கில் பலர் நினைத்திருந்தார்கள்.

தண்டனையும் பரிசும்

ஜன்னல் கண்ணாடியின் அதிர்வை அகச்சிவப்புக் கதிரால் தொட்டு, உள்ளே பேசுவதைக் கேட்கும் புரான் என்ற கருவியையும் செய்தார். 1947-ல் ஸ்டாலின் பரிசு கொடுத்தார்கள். விடுதலையும் அந்த ஆண்டுதான். மரியா குஷ்சினா என்பவரை மணந்தார், இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. உளவுத் துறைக்கான வேலையை 1960-களின் நடுப்பகுதி வரை தொடர்ந்தார்.

பிறகு மாஸ்கோ இசைக் கல்லூரியில் நிம்மதியாக வாத்தியங்கள் செய்யலாம் என்று போனார். 1967-ல் அங்கே வந்த நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஒருவர், தெரமின் உயிரோடு இருக்கிறார் என்று எழுதிவிட்டார். நண்பர்களுக்கு மகிழ்ச்சி. கல்லூரி நிர்வாகம் அவரை வேலையை விட்டு அனுப்பியது, கருவிகளையும் அப்புறப்படுத்தியது. அடுத்து மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் ஒரு சாதாரணத் தொழில்நுட்ப ஊழியர் வேலை.

சோவியத் கெடுபிடி தளர்ந்த பிறகு, 1989-ல் பிரான்ஸ் போக அனுமதி கிடைத்தது. 1991-ல் நியூயார்க். கேக் சுழன்ற நாளுக்கு 60 வருஷம் கழித்து கிளாரா ராக்மோரைப் பார்த்தார். லவீனியா அதற்கு 2 வருஷம் முன்பே இறந்துவிட்டிருந்தார்.

மாஸ்கோவில் லொமோனோசவ் அவென்யூவில் தெரமினுக்கு ஒரு அறை இருந்தது. சின்ன ஆய்வகமாக அதை வைத்திருந்தார். 1990-களின் தொடக்கத்தில் ஒரு நாள் யாரோ அதற்குள் புகுந்தார்கள். கருவிகளை எல்லாம் உடைத்துப் போட்டார்கள், காகிதங்களில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு போனார்கள். போலீஸ் விசாரித்தது. செய்தவர்கள் கடைசிவரை பிடிபடவில்லை. 1993 நவம்பர் 3-ம் தேதி தெரமின் இறந்தார். அப்போது வயது 97.